செபமாலையை எடுத்தால் அவர் வயலுக்குப் போய்விடுகிறார்

கேள்வி:

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குடியேற்றக் கிராமத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 38. ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு கிழமை காலைப் பணி, மறு கிழமை பிற்பகல் பணி. காலைப் பணியென்றால் நாலே முக்காலுக்குச் சந்தியில் பஸ் நிற்கும். பிற்பகல் பணியென்றால் வீடு வந்து சேர இரவு பதினொரு மணியாகும். கணவர் வயல் செய்கிறார், உழவு இயந்திரமும் கூலிக்கு ஓட்டுகிறார். மூத்தவள் செட்டிகுளம் முகாமில் பிறந்தவள்; இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். மற்ற இருவரும் தரம் 7, தரம் 4. மாமியும் எங்களோடுதான் இருக்கிறார்.

2009இல் பதுங்குகுழிக்குள் கிடந்தபோதுகூட எங்கள் வீட்டில் செபமாலை ஒரு நாளும் தவறியதில்லை. கணவரின் தம்பி மாத்தளனில் பதுங்குகுழி வாசலில் எறிகணை விழுந்து இறந்தார். அன்றும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். இன்று கல்வீடு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, செபம் மட்டும் இல்லை. மகளுக்கு ஞாயிறு காலை ஏழரைக்குக் கணித வகுப்பு. அதனால் பூசைக்கு வருவதில்லை. மாமி செபமாலையைக் கையில் எடுத்தால் கணவர் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். செபம் இல்லாத வீடு என்பதால்தான் போன காலபோகம் வெள்ளத்தில் போனது என்று மாமி சொல்கிறார். எனக்கும் பயமாக இருக்கிறது. நேரத்தை எங்கே தேடுவேன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரத்தை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் செபம் நின்றுபோனதற்கு நேரமின்மை ஒரு சிறிய காரணம்தான் என்று எனக்குப் படுகிறது. குடும்ப உளவளத்துணை என் தொழில்; நானும் உங்களைப் போலக் கத்தோலிக்க வீடொன்றில் வளர்ந்தவள். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பேசுகிறேன்.

முதலில் வெள்ளத்தைப் பற்றி. செபம் குறைந்ததால் வயல் போனது என்ற பேச்சை உங்கள் வீட்டில் இன்றோடு நிறுத்த வேண்டும். இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மாமியுடன் உட்கார்ந்து அதை வாசியுங்கள். உங்கள் ஊரில் வெள்ளம் வந்த அன்று, நாள் தவறாமல் செபமாலை சொல்லும் வீட்டுக்காரரின் வயலும் மூழ்கித்தான் இருக்கும். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இறந்தவர்களில் எத்தனையோ பேர் செபமாலையைக் கையில் பிடித்தபடி இறந்தவர்கள். அவர்களுடைய செபம் குறைவாக இருந்தது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? உங்கள் கொழுந்தனுக்கு அப்படிச் சொல்வீர்களா?

கொழுந்தனின் சாவை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு மகளின் வகுப்புக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியையும் டோர்ச் லைட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? உங்களுக்கும் மாமிக்கும் அந்தப் பதுங்குகுழிச் செபம் உயிர் பிழைத்த செபம். உங்கள் கணவருக்கு அதே செபம் தம்பி செத்த நேரத்துச் சத்தமாக இருக்கலாம். ‘அருள்நிறைந்த மரியே’ என்று நாலு குரல் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இராகத்தில் தொடங்கும்போது அவருடைய உடம்பு எந்த நாளுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. என்னிடம் வந்த ஒரு தகப்பன், குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் வாசனை பட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் என்று அவருக்கே நெடுங்காலம் தெரியவில்லை. வீட்டுக்காரர் அவரைக் கோபக்காரர் என்றுதான் நினைத்திருந்தார்கள். மனம் மறந்ததாக நினைக்கும் ஒன்றை மூக்கும் காதும் மறப்பதில்லை.

பார்க்காத ஒருவரைப் பற்றி, இதுதான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அவருக்குக் கடவுள்மேல் கோபம் இருக்கலாம். தம்பியைக் காப்பாற்ற முடியாத தன்மேலேயே கோபம் இருக்கலாம். அல்லது மாமியின் முணுமுணுப்புக்குப் பயந்து ஓடுகிறவராகவும் இருக்கலாம். எதுவானாலும், சோம்பலில் செபத்தை விட்டவர் இருட்டில் வரம்பில் போய் நிற்க மாட்டார். வீட்டுக்குள்ளேயே கைபேசியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஆகவே அவரைச் செபத்துக்கு இழுக்க வேண்டாம். ஒரு நாள் அவர் புறப்படும்போது நீங்களும் கூடப் போங்கள். செபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். தம்பியின் பெயரைச் சொல்லி, “அவன் இருந்திருந்தால் இப்போது இரண்டு பேருமாக இந்த வயலைச் செய்திருப்பீர்கள்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் கூட நடந்து திரும்பி வாருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். உன் பாவத்துக்குத்தான் இது என்று வாயைத் திறந்த பிறகுதான் கெட்டார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் அவர்கள்மேல்தான். புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல.

கடவுளிடம் முறைப்படுவதும் செபம்தான். 88ஆம் திருப்பாடலைப் படித்துப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை முறைப்பாடு. ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபம் என்றுதான் வைத்திருக்கிறது. உங்கள் கணவர் ஒரு நாள் “அவனை ஏன் எடுத்தாய்” என்று வரம்பில் நின்று கத்தினால், கோயிலில் முழந்தாளில் நிற்பவரைவிட அவர் கடவுளுக்குத் தூரத்தில் இருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை.

அவருக்கு இரவில் நித்திரை இல்லை, கனவில் கத்துகிறார், மாசி தொடங்கி வைகாசி முடியும்வரை குடி கூடுகிறது, திடீர்ச் சத்தத்துக்குப் பதறுகிறார் என்றால் குடும்பச் செபத்தால் மட்டும் அது தீராது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவரைக் கூட்டிப்போங்கள். வர மறுத்தால் முதலில் நீங்களாவது போய்ப் பேசுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் பேசலாம். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி நேரம். இரவு பதினொரு மணிக்கு வந்து, சட்டி பானையைக் கழுவி, மறு நாள் விடியப் பிள்ளைகளுக்குச் சமைக்க எழும்பும் ஒரு பெண் முழந்தாளில் நின்று 53 மணி செபமாலை சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு முதலில் தேவை நித்திரை. பெரியவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும். நாலரைக்கு எழும்பும் கிழமையில் உங்களுக்கு அது கிடைப்பதில்லை என்பது கணக்குப் பார்க்காமலே தெரிகிறது. மாமியின் செபமாலை மாமியுடையதாக இருக்கட்டும். ஏழு மணிக்கு அவர் விளக்கேற்றிச் சொல்லும்போது விரும்பிய பிள்ளை கூட இருக்கலாம். வராத பிள்ளையைத் தேடிப் பிடிக்கக் கூடாது. குடும்பச் செபம் என்று வேறாக ஒன்றை, மிகச் சிறியதாக, இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து வையுங்கள்.

சாப்பாட்டோடு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில்தான் உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறார். டோர்ச் லைட்டை எடுத்துப் போகிறவரும் சோற்றுக்குத் திரும்பி வருகிறார்தானே. சோறு பரிமாறி எல்லாரும் பாயில் இருந்த பிறகு, கை வைப்பதற்கு முன் சிலுவை அடையாளம் இடுங்கள். அன்றைய நற்செய்தியில் நாலைந்து வரியைத் தரம் 7 பிள்ளை வாசிக்கட்டும். சின்னது அன்று நடந்த ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி சொல்லட்டும். மாடு கன்று போட்டதாக இருக்கலாம், ரீச்சர் அடிக்காததாக இருக்கலாம், எதுவானாலும் சரி. யாராவது ஒருவர் ஒரு தேவையைச் சொல்லட்டும். ஒரு ‘விண்ணுலகில் இருக்கிற’, ஒரு ‘அருள்நிறைந்த’. அவ்வளவுதான், ஐந்து நிமிடம். கறி ஆறாது. கணவர் பதில் சொல்லாமல் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள். அவர் எழுந்து போகாமல் அந்த ஐந்து நிமிடம் அங்கே இருந்தால் போதும்.

ஒரு விதியை மட்டும் மாமி உட்பட எல்லாரும் காக்க வேண்டும். செபத்துக்குள் யாரையும் குத்தக் கூடாது. “இந்த வீட்டு ஆம்பிளைக்கு நல்ல புத்தியைக் கொடும் ஆண்டவரே”, “படிக்காத பிள்ளைகளைத் திருத்தும் ஆண்டவரே” என்று கடவுளைப் பார்த்துச் சொல்வதுபோல் பக்கத்தில் இருப்பவரைத் திட்டுவது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். பிள்ளைகள் செபத்தை வெறுப்பதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் என் தொழிலில் கண்டதில்லை.

பிற்பகல் பணிக் கிழமையில் இரவுச் சாப்பாட்டுக்கு நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். அந்தக் கிழமை மூத்த மகள் நடத்தட்டும். அதற்கு உங்களுக்கு ஒரு குற்ற உணர்வும் வேண்டாம். காலையில் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புங்கள். இரவு வந்ததும் நித்திரையில் கிடப்பவர்களுக்கும் அப்படியே செய்யுங்கள். நித்திரையில் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலை பஸ்ஸில் போகும் நேரம் முழுக்க உங்களுடையது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காரணிக்கம், செபமாலையின் பத்து மணி மட்டும், சொல்லுங்கள். பாதியில் நித்திரையாகிவிட்டால் ஆகட்டும். மீதியை மாதா சொல்லிக்கொள்வார் என்று என் பாட்டி சொல்வார், எனக்கு அதில் இன்றும் நம்பிக்கை இருக்கிறது.

இப்படிச் சிறிதாகச் செய்தால் விசுவாசம் நிலைக்குமா என்று கேட்பீர்கள். நம் மண்ணின் கதையை நினைத்துப் பாருங்கள். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். புனித யோசேவ் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் பூசையும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. மாந்தையில் இருந்தவர்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனதாகச் சொல்லப்படுவதும் அந்தக் காலத்தில்தான். வாஸ் அடிகளார் வந்தபோது, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு அவரை வரவேற்க இன்னும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. கோயிலும் குருவானவரும் இல்லாத அத்தனை ஆண்டுகளும் விசுவாசத்தைக் காப்பாற்றியது வீடு. அந்த வீடுகளில் இருந்தவர்களும் வயல் செய்தவர்கள், மீன் பிடித்தவர்கள்தான். நாள் முழுக்கச் செபித்துக்கொண்டிருக்க அவர்களுக்கும் வசதி இருந்திருக்காது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று சொன்னபோது, வன்னிக்காரருக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்கக் கூடாது.

அறுவடைக் காலத்தைப் பற்றியும் ஒன்று. வெட்டு மெஷின் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை வெட்டுங்கள். மழை இருட்டிக்கொண்டு நிற்க, விளைந்த நெல்லை வயலில் விட்டுவிட்டு வரச் சொல்லும் பங்குத்தந்தை வன்னியில் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஓய்வுநாளில் மாடு கிணற்றில் விழுந்தால் உடனே தூக்கமாட்டீர்களா என்று பரிசேயரையும் சட்ட அறிஞரையும் பார்த்து ஆண்டவர் கேட்டார். அந்தப் புது நெல்லில் ஒரு சுண்டு அரிசியைப் பொங்கல் பூசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக் கணவரிடமே விடுங்கள். கோயிலுக்குள் வரத் தயங்குகிறவர்கள், கையில் கொடுக்க ஏதாவது இருந்தால் சில வேளை வாசல்வரை வருவார்கள்.

மகளின் ஞாயிறு வகுப்பு எனக்கு மனவருத்தமான விடயம். உங்கள்மேல் வருத்தமில்லை. ஞாயிறு காலை ஏழரைக்கு வகுப்பு வைக்கிறவர்கள்மேலும், அதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளும் நம் எல்லார்மேலும்தான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு இரவில் எட்டு மணித்தியால நித்திரையாவது வேண்டும். கிழமை ஏழு நாளும் வகுப்பு, பள்ளி, மறுபடி வகுப்பு என்று ஓடுகிற பிள்ளைக்குக் கோயில் மட்டுமல்ல, விளையாட்டும் இல்லை, தகப்பனோடு பேசுவதும் இல்லை. அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் இன்னும் சிலர் உங்கள் பங்கைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். அவர்களின் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள், வகுப்பை ஒன்பதரைக்குத் தொடங்க முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரு தாய் தனியாகக் கேட்டால் முடியாது என்பார். பத்துப் பேர் வந்து நின்றால் யோசிப்பார். பங்குத்தந்தையும் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

அதுவரை சனி மாலைப் பூசை இருக்கிறது. முந்தின நாள் மாலையில் பூசை கண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்திலேயே (எண் 1248) அது எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பங்கின் கிளை ஆலயம் ஏதாவதில் சனி மாலைப் பூசை உண்டா என்று விசாரியுங்கள். உழவு இயந்திரத்தில் அவளை அங்கே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரத் தகப்பனைக் கேளுங்கள். அவர் உள்ளே வர வேண்டியதில்லை. வெளியே மரத்தடியில் நிற்கட்டும்.

ஆனால் இதையெல்லாம் தீர்மானிக்கும் முன் மகளைக் கேட்டீர்களா? அவளுக்குப் பூசைக்கு வர விருப்பமா, வகுப்பு ஒரு சாட்டா? அவள் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எதைச் சொன்னாலும் அம்மா அழமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூசை விளங்கவில்லை, பிரசங்கம் நீளம், தன்னுடைய கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்வதில்லை என்று அவள் சொன்னால் அதையும் மதியுங்கள். மறைக்கல்வி ஆசிரியரிடமோ ஒரு அருட்சகோதரியிடமோ அந்தக் கேள்விகளோடு அவளை அனுப்பலாம். எந்தக் காரணம் கொண்டும், பூசைக்கு வராவிட்டால் பரீட்சை பிழைக்கும் என்று சொல்லாதீர்கள். ஒன்பது ஏ எடுத்தால் மடுவுக்கு நடந்து வருகிறேன் என்று அவளை நேர்த்தி வைக்கத் தூண்டவும் வேண்டாம். பெறுபேறு சரியில்லாமல் போனால் அந்தப் பிள்ளை ஒரே நாளில் பரீட்சையையும் கடவுளையும் சேர்த்து இழந்துவிடும். கோயிலைவிட்டுப் போன இளம் பிள்ளைகள் சிலரோடு பேசியிருக்கிறேன். அவர்கள் கதையில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

மடு என்றதும் ஒரு யோசனை. ஆவணித் திருவிழாவுக்கு முன் தொழிற்சாலையில் இரண்டு நாள் விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். திருவிழா நெரிசல் கணவருக்கு ஒத்துவராது என்றால், நவநாள் தொடங்குவதற்கு முன் ஒரு சாதாரண நாளில் போங்கள். மரத்தடியில் பாய் விரித்து, மூன்று கல் வைத்துச் சமைத்து, பிள்ளைகளோடு இருந்துவிட்டு வாருங்கள். வகுப்பு இல்லை, பணி நேரம் இல்லை, செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. கணவர் ஆலயத்துக்குள் வருவதும் மரத்தடியில் இருப்பதும் அவர் விருப்பம். 2008 சித்திரையில் மாதாவின் சுரூபமே அங்கிருந்து இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது அவருக்குத் தெரிந்திருக்கும். ஓடித் திரிந்தவர்களின் மாதா அவர். உங்கள் கணவருக்கு அந்த மாதாவிடம் பேச ஏதாவது இருக்கலாம். நீங்கள் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.

மாமியோடு கடைசியாகப் பேசுங்கள், ஆனால் கட்டாயம் பேசுங்கள். அவரும் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். வெள்ளத்துக்குக் காரணம் தேடுகிறவர் உண்மையில் எதற்குக் காரணம் தேடுகிறார் என்பது உங்களுக்கே விளங்கும். அந்த மகனின் இறந்த நாளில் அவன் பெயருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். காணிக்கை உறையில் பெயரை எழுதும் வேலையை அவரிடமே கொடுங்கள். அன்று வீட்டில் அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைத்து, உங்கள் கணவருக்கும் அவருக்கும் ஒன்றாகப் பரிமாறுங்கள்.